மலசலகூடம் கேட்ட மச்சாள்

என்னுடைய அண்ணைக்குப் பறவைப் பைத்தியம். வங்கியில் வேலை பார்க்கிற அமைதியான மனிதர்தான். ஆனால் மாரி தொடங்கி, பூநாரைகள் வந்துவிட்டன என்று யாராவது சொல்லிவிட்டால் ஆள் மாறிவிடுவார். சனிக்கிழமை விடிகிற நேரம் கொக்குவிலில் எங்கள் வாசல் படலைக்கு முன்னால் தன் வான் வண்டியை நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். வானுக்குள் மச்சாள், அண்ணையின் மனைவி, ரொட்டியும் சம்பலும் கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். அவர் குருநகர்க்காரி. கரையோரத்தில் வலைக்கடை நடத்துகிறவர். இயந்திரப் படகுச் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகிய குரல்.

நாங்கள் போகிற தேசியப் பூங்கா குடாநாட்டின் கிழக்குக் கோடியில், கடல்நீரேரியை ஒட்டி இருக்கிறது. லீவு நாளில் வான்கள் வரிசையாக நிற்கும். அவ்வளவு சனம் வந்தும் அங்கே இருந்தது ஒரு வாசலும், வெயிலில் வெளுத்த ஒரு பலகையும், கால் புதைகிற மணல் பாதையும்தான். ஆண்களுக்கு ஒதுங்கப் புதர்ப் பற்றைகள் இருந்தன. பெண்கள் நாங்கள் என்ன செய்வது? எழும்பியதிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டோம். அதுதான் எங்கள் வழி. வெயில் ஏற ஏறத் தலை இடிக்கத் தொடங்கும். அண்ணை பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே மாட்டார். மத்தியானத்துக்கு முன்னரே அவரை வானுக்கு இழுத்துக்கொண்டு வருவோம்.

ஒருநாள் அந்தப் பூங்காவைத் திருத்தப்போகிறார்கள், சனத்தின் கருத்தைக் கேட்கிறார்கள் என்று அண்ணை சொன்னார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். மறைந்திருந்து பறவை பார்க்க ஒரு கொட்டில் கேட்பதற்காக அண்ணை போனார். நானும் மச்சாளும் கூடப் போனோம்.

ஒருவர் உயரமான கோபுரம் கேட்டார். இன்னொருவர் கன்ரீன் கேட்டார். வாகனம் நிறுத்தத் தார் போட்ட இடம் வேண்டுமென்றார் ஒருவர். இதயம் மாதிரி ஒரு வளைவு கட்டினால் சோடிகள் படம் எடுக்கலாம் என்று ஒரு பெடியன் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் மச்சாள் எழும்பினார்.

"எங்களுக்குக் கக்கூஸ் வேணும்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அண்ணை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் மச்சாளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏன் சிரிக்கிறியள்? உங்கடை வீட்டுப் பொம்பிளையள் பூங்காப் பக்கம் வாறேல்லை. ஏன் எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே?"

மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் பொறுமையாகச் சொன்னார்: "தங்கச்சி, வாசலடியிலை ஒண்டு வரும். பிளானிலை இருக்கு."

"வாசலிலையிருந்து தண்ணிக்கரைக்கு நடந்து பாத்தனீங்களே, ஐயா? போய்த் திரும்பி வரேக்கை பறவையும் போயிடும், எங்கடை உசிரும் போயிடும்."

இந்த முறையும் சிரித்தார்கள். ஆனால் அது வேறு மாதிரியான சிரிப்பு. பின்வரிசையில் இருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு அம்மா, "ஓம், ஓம்" என்று சத்தமாகவே சொன்னார்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு இளம் பெண் எங்களை நோக்கி ஓடிவந்தாள். பாதைகளைத் திட்டமிடுவதற்குக் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி. சிங்களப் பிள்ளை, தமிழைப் படித்துப் பேசுகிறவள். மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நானும் காலையில் இருந்து தண்ணீர் குடிக்கவில்லை" என்றாள்.

மச்சாள் வானுக்குள் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார். "இப்ப குடியும், பிள்ளை. பக்கத்திலை எனக்குத் தெரிஞ்ச வீடு இருக்கு. கூட்டிக்கொண்டு போறன்."

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை எங்களைப் பூங்காவுக்குக் கூப்பிட்டாள். புதுப் பாதை வரப்போகிற இடமெங்கும் முளை அடித்துச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அதன் வழியே மூன்று பேரும் நடந்தோம். எனக்குள் ஒரு பரபரப்பு. அரசாங்கம் கட்டப்போகிற ஒரு கக்கூஸை எங்கே கட்டலாம் என்று எங்களைக் கேட்கிறார்கள்! என் வாழ்நாளில் அப்படி யாரும் என்னை எதற்கும் கேட்டதில்லை.

மச்சாள் தண்ணீர்க்கரைக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். அந்தப் பிள்ளை மறுத்தாள்.

"இங்கே ஆட்கள் கூடினால் பறவைகள் மேயாது, அக்கா."

"பறவையளுக்கு இவ்வளவு பெரிய கடல் கிடக்கு. எங்களுக்கு ஒரு சின்ன அறை."

"அவை பயந்தால் வேறு இடம் போய்விடும். பிறகு நீங்கள் எதைப் பார்க்க வருவீர்கள்?"

இருவரும் வெயிலில் நின்று வாதாடினார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். பாதை வளைகிற இடத்தில் மூன்று நான்கு பாலை மரங்கள் அடர்த்தியாக நின்றன. அதற்குப் பின்னால் கட்டினால் கரையிலிருந்து தெரியாது, தூரமும் இல்லை. சொன்னேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, மச்சாள்?" என்றார் மச்சாள்; அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஒரு முளையைப் பிடுங்கி வந்து என் கையில் தந்தாள். நானே அதைக் கல்லால் அடித்து நட்டேன்.

வேலை நடந்த மாதங்களில் பூங்காவைப் பூட்டியிருந்தார்கள். திறந்த செய்தி வந்ததும் மச்சாள் அண்ணையின் வானை நிரப்பிவிட்டார். குருநகர்க் கோயிலுக்கு ஒன்றாகப் போகிற பெண்களும் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற பெண்களும் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். போகிற வழியெல்லாம் எலுமிச்சம்பழத் தண்ணியும் தேத்தண்ணியும் கை மாறின. வேண்டுமென்றே குடித்தோம். குடித்துக் குடித்துச் சிரித்தோம்.

ஈரமான இடங்களில் பலகைப் பாதை போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியும் போகக்கூடிய சரிவு. உட்கார்ந்து இளைப்பாற வாங்குகள். அண்ணை கேட்ட கொட்டிலும் இருந்தது; அவர் அதற்குள் நுழைந்தவர், கூப்பிட்டும் வெளியே வரவில்லை. இதய வளைவு மட்டும் இல்லை. நாங்கள் நேரே பாலை மரங்களுக்குப் பின்னால் போனோம். வெள்ளைச் சுவர், நீலக் கதவு. மச்சாள் முதலில் உள்ளே போனார். நாங்கள் வெளியே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"தண்ணி வருது!" உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "பூட்டு வேலை செய்யுது! பை கொழுவக் கொளுக்கியும் இருக்கடியம்மா!"

நாங்கள் கூவிய கூவலுக்குக் காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

அன்று மத்தியானம் யாரும் வீடு திரும்பவில்லை. மர நிழலில் இருந்து சாப்பிட்டோம், கதைத்தோம், திரும்பவும் கரைக்குப் போனோம். வெயில் சாயத் தொடங்கியதும், எங்கெங்கோ மேயப் போன நாரைகளும் கொக்குகளும் அடைய வந்தன. முதலில் நாலைந்து, பிறகு வானத்தில் கோடு கோடாக. ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் ஒரே திசையில் நடந்தன. நடக்கும்போதே அவை தங்களுக்குள் வாத்துகள் மாதிரி இடைவிடாமல் சத்தம் போட்டன. அண்ணை பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு வருசமா இதை நான் காணேல்லையே, தங்கச்சி!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு பலகைப் பாதையில் சின்னப் பிள்ளை மாதிரி அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடினார்.

மச்சாள் கொழும்புக்கு அழைப்பு எடுத்துக் கைபேசியைத் தண்ணீரின் பக்கம் உயர்த்திப் பிடித்தார்.

"கேக்குதே, பிள்ளை? கேக்குதே?"

"கேட்குது, அக்கா!" பஸ் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பிள்ளை கத்தினாள். "நல்லாக் கேட்குது!"

"எல்லாம் திறமாச் செய்திருக்கிறீர். ஒரு குறையுமில்லை." மச்சாள் கொஞ்சம் நிறுத்தினார். "கை கழுவச் சவர்க்காரம்தான் வைக்கேல்லை. அதையும் ஒருக்காப் பாரும்."