பதினான்கு கிலோ பிழை

மெக்கானிக் காரின் டிக்கியைத் திறந்து, விளிம்பில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறார். எழுகிறார். மறுபடி உட்காருகிறார், இந்த முறை கொஞ்சம் உயரத்திலிருந்து. வண்டியின் பின்பக்கம் முனகிக்கொண்டு இறங்கி ஏறுகிறது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று கையைப் பிசைகிறார். இன்னும் கடன் அடைபடாத வண்டி. மூன்றாவது முறை அமுங்கும்போது அடியில் எங்கோ ‘டங்’ என்று இரும்பு இரும்பைத் தொடும். கண்ணைத் திறக்காமலேயே, “ரப்பர் போச்சு” என்பார். சத்தம் வராவிட்டால், “நல்லாருக்கு, எடுத்துட்டுப் போங்க.” இருபத்திரண்டு வருடங்களாக இதற்கு மேல்முறையீடு கிடையாது.

வண்டியின் குலுக்கலைத் தாங்கும் ஸஸ்பென்ஷன் வேலையில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். நூற்றுப் பத்து கிலோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டு வரி ரசீதில் மட்டும் இருக்கிறது. “மத்தவன் மெஷின் வாங்கினான். நான் சாப்பிட்டேன்” என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். அவர் கால்சட்டைகள் பின்பக்கத்தில்தான் முதலில் உயிரை விடும். தைத்துத் தைத்து அலுத்துப்போன தையல்காரர், அடுத்த முறை தார்ப்பாய் வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

அவர் தேடும் அந்த ரப்பருக்கு பம்ப் ஸ்டாப் என்று பெயர். ஷாக் அப்ஸார்பர் தண்டில் மாட்டியிருக்கும், விரல் நீளம், பஞ்சு போன்ற உடம்பு. வண்டி பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது, இரும்பு இரும்போடு மோதாமல் இடையில் நின்று அடி வாங்கிக்கொள்ளும். வாடிக்கையாளருக்கு எடைக்கல் இதை வேறு மாதிரி விளக்குவார். “வீட்ல மாமனார் இருக்காருல்ல? நீங்க ஆடுற வரைக்கும் பேசாம பாத்துட்டிருப்பாரு. அளவு மீறினா நெஞ்சுல கைய வச்சு, போதும் மாப்பிள்ளைன்னுவாரு. அவருதான் இது.”

காரைத் தரையோடு தாழ்த்தி ஓட்ட ஆசைப்பட்டு, அந்த ரப்பரைப் பாதியாக அறுத்துத் தரச் சொல்லி ஒருவன் வந்தான். “மாமனார பாதியா அறுக்கணுமா? பொண்ணு வீட்ல கேட்டுட்டியா?” என்று அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்பவர்களிடம், ஒற்றைக் காலில் செருப்பு போட்டு நடந்து காட்டச் சொல்வார். கிறீச் சத்தம் போகட்டும் என்று ரப்பரில் எஞ்சின் ஆயில் ஊற்றிக்கொண்டு வருபவர்களை மட்டும் அவர் கிண்டல் செய்வதில்லை. அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஆயில் பட்ட ரப்பர் ஊதி, இளகி, கையோடு பிய்ந்து வரும்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறார். ஊரார் சர்க்கரையெல்லாம் அவர் கண் வழியாகத்தான் போகும். போன வருடம் ஒரு நாள் கணவரின் தாளும் போனது. முந்நூற்றுப் பத்து. அன்றே வீட்டுச் சர்க்கரை டப்பா காணாமல் போனது. வேகவைத்த காய், காலையில் ஒரு மணி நேர நடை, கணவர் படியேறினால் மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுப்பது என்று எட்டு மாதம் அந்த அம்மாள் விடவில்லை. எடைக்கல் பதினான்கு கிலோ இளைத்தார். தெருவே பாராட்டியது. அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொள்வார். தொழிற்கருவியில் பதினான்கு கிலோ குறைந்துவிட்டது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கணக்கு டீச்சர் ஒருவர் அப்போதுதான் வண்டியைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஏழு வேகத்தடைகள். பின்ஸீட்டில் அப்பாவும் அம்மாவும், டிக்கியில் சக்கர நாற்காலி. ஒவ்வொரு தடையிலும் முதுகில் இடிக்கிறது என்று அப்பா சொல்கிறாராம்.

எடைக்கல் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். சத்தம் இல்லை.

“வண்டி கல்லு மாதிரி இருக்கு டீச்சர். ரப்பர் தேயல. பெரியவர் எலும்புதான் தேஞ்சிருக்கு” என்றார். பட்டறை சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டுப் போனார். பின்ஸீட்டில் இருந்த பெரியவர் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். இந்த முறை சிரிப்பில்லை. “அண்ணே, அப்பா இனிமே ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கிறாரு. ஊசி வலியக்கூட தாங்கிக்கலாம், இந்தக் கார் ஆகாதுன்றாரு. இன்னிக்கு அழுது கெஞ்சித்தான் ஏத்திட்டுப் போனேன். டயாலிசிஸ் முடிச்சு நேரா இங்கதான் வர்றோம். இன்னொரு தடவ பாருங்க.”

டயாலிசிஸுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை டீச்சர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

எடைக்கல் கொஞ்சம் கோபத்தோடுதான் உட்கார்ந்தார். தீர்ப்பு சொன்ன வழக்கு திரும்பி வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? சத்தம் இல்லை. இன்னும் பலமாக உட்கார்ந்தார். இல்லை. “ஒண்ணுமே இல்ல டீச்சர்” என்று வாயெடுத்த நேரத்தில், பக்கத்து டயர் கடைக்காரர் கையில் டயரோடு கதை பேச வந்தவர், “நகருங்கண்ணே” என்று அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

டங்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அண்ணே, இது உங்க ஒருத்தருக்கே வரணுமே” என்றார் டயர் கடைக்காரர்.

எடைக்கல்லின் கை தானாக இடுப்புப் பட்டிக்குப் போனது. அதில் ஆணியால் குத்திய புதுத் துளைகள் மூன்று இருந்தன.

பெரியவரைச் சக்கர நாற்காலியில் நிழலுக்கு இறக்கிவிட்டு, வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். தூசி மறைக்கும் உறையை மேலே தள்ளியதும், உள்ளேயிருந்து ரப்பர் தூளாக உள்ளங்கையில் கொட்டியது. எலி தின்று மிச்சம் வைத்த ரஸ்க் மாதிரி ஒரு துண்டு தண்டில் தொங்கியது. அதன் மேல் மாதக்கணக்கில் படிந்த புழுதி. அடுத்த பக்கமும் அதே கதி. போன தடவை இவர் ‘கல்லு மாதிரி’ என்று சொன்ன அன்றும் இது இப்படித்தான் இருந்திருக்கிறது.

“இப்பதான் ஒடஞ்சிருக்கு” என்று சொன்னால் போதும். டீச்சர் நம்புவார். புழுதியைப் படிக்கத் தெரிந்தவர் அந்த இடத்தில் அவர் ஒருவர்தான். டயர் கடைக்காரர் நல்ல மனிதர், ஒரு தேநீருக்கு வாயை மூடிக்கொள்வார். இருபத்திரண்டு வருடத்தில் எடைக்கல் எத்தனையோ வண்டிக்கு ‘நல்லாருக்கு’ சொல்லியிருக்கிறார். அதில் கடைசி எட்டு மாதத்து ‘நல்லாருக்கு’களெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்து எதிரே நின்றன.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்க மனைவி தினமும் அழைக்கும் நேரம்.

“உன்னால என் தொழிலே போச்சு” என்றார். விஷயத்தைச் சொன்னார்.

மனைவி, “தொழில வேற மாதிரி கத்துக்கலாம். உங்களுக்குப் பதிலா நான் யார கத்துக்கிறது? வெள்ளரிக்காய் டப்பால இருக்கு, சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டார்.

எடைக்கல் தூளை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு பெரியவர் முன்னால் போய்க் குந்தினார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவரால் குந்தியிருக்க முடியாது. “ஐயா, நீங்க அன்னிக்கே சரியா சொன்னீங்க. அப்பவே இது போயிருக்கு. நான்தான் பாக்காம சொல்லிட்டேன்.”

பெரியவர் தூளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். “அப்போ என் எலும்பு?”

“எலும்பு நல்லாருக்குங்க. என் வாய்தான் தேஞ்சது.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக ஒவ்வொரு தடையிலும், “வண்டிக்கு ஒண்ணும் இல்லப்பா, உங்க எலும்புதான்னு மெக்கானிக்கே சொல்லிட்டாரு” என்று அப்பாவிடம் சொன்னது அவர்தான். எடைக்கல்லுக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. எழுந்து போய் ஸ்பானரை எடுத்தார்.

இரண்டு பக்கமும் ஷாக்கை இறக்கி, தண்டைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, புது ரப்பரை ஏற்றி, மேலே உறையைப் போட்டு மாட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லையோ என்று டயர் கடைக்காரர் இரண்டு முறை வந்து எட்டிப்பார்த்தார். மடியில் மணல் மூட்டை ஒன்றை வைத்துக்கொண்டு உட்காரலாமே என்று யோசனையும் சொன்னார்.

வேலை முடிந்ததும் வழக்கம்போலத் துண்டை மடிக்கவில்லை. பெரியவரைப் பின்ஸீட்டில் ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். “ஆஸ்பத்திரி ரோட்டுக்கு விடுங்க டீச்சர்.”

முதல் தடை வந்தது. பெரியவர் கண்ணை இறுக்கிக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை எட்டிப் பிடித்தார். வண்டி ஏறி இறங்கியது, சத்தமில்லாமல். எடைக்கல் நாக்கு நுனி வரை வந்த ‘நல்லாருக்கு’வை விழுங்கினார். இரண்டாவது தடையிலும் கை பிடியில்தான் இருந்தது. மூன்றாவதிலும் அப்படியே. ஏழும் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வந்தது.

“எப்படிப்பா இருக்கு?” என்றார் டீச்சர்.

பெரியவரின் கை இன்னும் மேலே கைப்பிடியில்தான் இருந்தது.

“திருப்புங்க” என்றார் எடைக்கல். “இன்னொரு தடவ போவோம்.”

திரும்பும் வழியில் நாலாவது தடை ஏறும்போது அந்தக் கை மெல்ல இறங்கியது. ஸீட் பையில் கிடந்த செய்தித்தாளை உருவி, உதறி, தனியாகவே விரிக்கப் பார்த்தது. மற்ற கையில் ஊசி போட்ட கட்டு.

ஐந்தாவது தடை வந்தது. எடைக்கல் முன்னால் சாய்ந்து, தாளின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.