ஊரார் பெருநோவு

மெழுகுதிரி உருகும் வாசமும் கரையில் காயும் கருவாட்டின் வாசமும் ஒன்றாய்க் கலந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் தலை குனிந்துவிடும். வெட்கம்தான், வேறென்ன. கொழும்புத்துறைக் கடலோரத்தில், எங்கள் வீடுகள் இருந்த சிறு ஒழுங்கை முடிகிற இடத்தில், மாதாவின் சிலையை, எங்கள் பேச்சில் சுருவத்தை, வைத்த சிறு கூடு ஒன்று இருந்தது; "சுருவக்கூடு" என்போம். பொழுதுபட்டதும் அதன் முன்னால் பாய்களை விரித்து, ஒழுங்கையே கூடிச் செபமாலை சொல்லும். முன்னுக்கு நின்று சொல்லிக்கொடுப்பவர் மதலேன் மாமி.

மாமி எனக்குச் சொந்தமில்லை, ஒழுங்கைக்கே மாமி. தொழிலுக்குப் போன புருஷன் கடலிலிருந்து திரும்பாததால் இருபது வயதில் வெள்ளைச் சேலை உடுத்தவர். பிள்ளைகுட்டி கிடையாது. கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துச் சீவித்தார். கலியாண வீடுகளில் அடுப்படியைத் தாண்டி வரமாட்டார். வரச்சொல்லி ஒருவரும் கேட்டதுமில்லை. சுருவக்கூட்டடியில் மட்டும்தான் அவர் எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

செபமாலையைத் தமிழில் சொன்னாலும் அதன் கடைசியில் வரும் மாதா பிரார்த்தனை அந்தக் காலத்தில் லத்தீனில்தான். வாசிக்கத் தெரியாத மாமி அதைக் காதால் கேட்டே பாடமாக்கியிருந்தார். மாதாவின் ஒவ்வொரு பெயராக அவர் சொல்ல, நாங்கள் "ஓறா புறோ நோபிஸ்" என்று பதில் சொல்லவேண்டும். மாமியின் காதில் அது எப்போதோ "ஊரார் பெருநோவு" என்று விழுந்திருக்கிறது. அவர் சொல்லித் தந்தபடியே, என் அம்மா உட்பட ஒழுங்கை முழுவதும் "ஊரார் பெருநோவு" என்றே ராகம் இழுத்துக்கொண்டிருந்தது.

பதினொரு வயதில் என்னைக் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே ஒரு மதர் பிரார்த்தனையை எழுத்தெழுத்தாய்ச் சொல்லித் தந்தார். எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. செபமாலை மாதத்தின் கடைசி நாள், சனம் நிறைந்திருந்த நேரத்தில், எல்லாருடைய குரலுக்கும் மேலாக "ஓறா புறோ நோபிஸ்" என்று கத்தினேன். மாமி திரும்பிப் பார்த்தார். அடுத்ததற்கும் கத்தினேன். என்னோடு படித்த "பெட்டைகள்" இரண்டுபேர் சேர்ந்துகொண்டார்கள். யாரோ சிரிக்க, கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினார். அதே அம்மா மறுநாள் கிணற்றடியில் தன் பிள்ளை லத்தீன் கதைப்பாள் என்று பெருமையடித்ததையும் நான் கேட்டேன்.

சனம் கலைந்தபின் மாமி என்னைக் கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"நான் ஒவ்வொரு பெருநோவுக்கும் ஒவ்வொரு வீட்டை நினைச்சுத்தானே பிள்ளை சொன்னனான்," என்றார். "அப்ப அதொண்டும் மாதாவுக்குப் போய்ச் சேரேல்லையோ?"

"பிழையாச் சொன்னா அவவுக்கு எப்பிடி விளங்கும், மாமி?" என்றேன் நான்.

அதன்பிறகு அவர் முன்னுக்கு வரவேயில்லை. கடைசிப் பாயில் குந்தியிருப்பார், உதடு அசையாது. சொல்லிக்கொடுக்கும் வேலை எங்களிடம் வந்தது. எங்களுக்கு அது பெரிய புளுகம், தலைகால் புரியாத சந்தோசம்.

அடுத்த மாரியில் மாமி நெஞ்சுச்சளியில் விழுந்தார். கோயில் சுவாமி வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போன காலையில், அயலெல்லாம் அவருடைய பாயைச் சுற்றி முழந்தாளிட்டது. பிரார்த்தனை சொல்ல அம்மா என்னை முன்னுக்குத் தள்ளினார். மாமி என் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

"நீ சரியாச் சொல்லுவாய், பிள்ளை. என்ரை வீடுகளை ஒருக்காச் சொல்லிவிடு."

பிறகு, மூச்சு முட்ட முட்ட, என் காதுக்குள் அந்த வீடுகளைச் சொல்லத் தொடங்கினார். இழுப்புக்காரப் பெடியன் இருந்த வீடு. மகள் ஓடிப்போன வீடு. மூன்றாவது எங்கள் வீடு. ஐயா குடித்துவிட்டு வந்து அம்மாவுக்கு அடிப்பது மாமிக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதில் நான் காதே கொடுக்கவில்லை. பிரார்த்தனையின் முதல் வரியை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். ஒரு வீட்டையும் நினைக்கவில்லை. பிரார்த்தனை பாதியில் இருக்கும்போதே மாமியின் மூச்சு நின்றது.

சில காலத்தில் லத்தீனுக்குப் பதிலாய்க் கோயிலுக்குள் தமிழ் வந்தது. நான் அவ்வளவு திறமாய்ச் சொன்ன சொல்லுக்கு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதுதான் பொருள் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். மாமி வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான். அவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இப்போது சுருவக்கூடு மாபிள் பதித்துப் புதிதாய் நிற்கிறது. லத்தீனும் போய்விட்டது, அதைச் சொன்ன சனத்தில் பாதி மண்ணுக்குள், மீதி கனடாவில். பொழுதுபட நான் தனியே போய் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீட்டை நினைக்கப் பார்க்கிறேன். மாதாவுக்குப் பிரார்த்தனையில் ஐம்பதளவில் பெயர்கள் வரும். மூன்றாவதோடு எனக்கு வீடுகள் முடிந்துவிடுகின்றன. மிச்சத்தையும் மாமி என் காதுக்குள் சொன்னவர்தான்.