வீரையா அண்ணன் வளர்த்த மலைச்செடி

கூலிம் தொழிற்சாலை உணவகத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கவிதா தொலைபேசியில் அழைத்தாள். “சாந்தி ஆன்ட்டி, அப்பா தவறிட்டாரு” என்றாள். நான், “எந்த அப்பா?” என்று கேட்டேன். ஒரு பெண்ணுக்கு எத்தனை அப்பா இருக்க முடியும்? அவள் அழுகைக்கு நடுவிலும் பொறுமையாக, “எங்க அப்பாதான் ஆன்ட்டி, வீரையா” என்று விளக்கினாள். குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு. ஓய்வு பெற்று ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

பராமரிப்புப் பிரிவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மின்னணுச் சில்லுகள் செய்யும் நம் கூடங்களைக் குளிராக வைத்திருக்கும் பெரிய இயந்திரங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. கூடம் குளிரும், இயந்திர அறையோ அடுப்பாகக் கொதிக்கும். சட்டையைப் பிழிந்துகொண்டே என் மேசைக்கு வந்து கையெழுத்துப் போடுவார். “குளுமை செய்றவனுக்கு வேர்வதான் சாந்தி மிச்சம்” என்பார். நான் அந்தப் பிரிவின் தாள்களைப் பார்த்துக்கொள்ளும் கிராணி. பதினாறு ஆண்டுகள் அவர் கையெழுத்தையும் வேர்வையையும் ஒரே தாளில் வாங்கி அடுக்கியிருக்கிறேன்.

தொழிற்சாலைக் குடும்பச் சுற்றுலாவாகக் கேமரன் மலைக்குப் போனபோதுதான் அந்தச் செடியைப் பார்த்தார். தென் அமெரிக்காவின் உயர்ந்த மலைகளில் புதராக வளரும் சால்வியா என்று கடைக்காரப் பெண் சொன்னாள். இலையின் அடிப்புறம் வெள்ளை. தண்டைத் தொட்டால் விரல் ஒட்டும். கசக்கினால் ஏதோ பழ வாசனை. மற்றவர்கள் ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விட்டார்கள். அண்ணன் நகரவில்லை.

“அண்ணே, இது குளுருல வளர்றது. கீழ கொண்டுபோனா செத்துரும்” என்றாள் அந்தப் பெண்.

“தங்கச்சி, நான் யாருன்னு தெரியுமா? சில்லர் டெக்னீஷியன். குளுரு எங்க கையில இருக்கு-லா.”

பேருந்தில் திரும்பும்போது செடி சன்னலோர இருக்கையில் வந்தது. அவர் மனைவி அஞ்சலை அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் வீடு இருக்கும் புக்கிட் செலம்பாவ் வெயிலில் மூன்றாம் நாளே அது தலையைத் தொங்கப்போட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் ஐஸ் கட்டி வைத்தார். காற்றாடி வைத்தார். ஈரத் துணி கட்டினார். கடைசியில் ஒரு சனிக்கிழமை படுக்கையறையில் ஏர்கோன் மாட்டி, உச்சியில் பளிச்சென்று ஒரு விளக்கும் தொங்கவிட்டு, கட்டிலில் அக்கா படுக்கும் பக்கத்தில் செடியை வைத்தார். அன்று மாலையே அக்கா எனக்குப் போன் செய்தார்.

“கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் சாந்தி. எனக்கு வேக்குதுன்னு சொன்னா, சன்னலத் தொறந்து வையின்னு சொன்ன மனுஷன். இன்னிக்கு ஒரு செடிக்கு ஏர்கோன்!”

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது: “அது துளசிக்குத் தூரத்துச் சொந்தம்-லா!”

“அப்ப துளசி ஏன் வாசல்ல வெயில்ல நிக்குது? சொந்தக்காரிக்கு மட்டும் ஏர்கோனா?”

மறுநாள் அக்கா பையைக் கட்டிக்கொண்டு ஜித்ராவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் அண்ணன் நன்றாகத்தான் நடித்தார். இரண்டாம் வாரம், அவரே தைத்த சட்டைப் பொத்தானில் நூல் ஒரு சாண் தொங்கியது. மூன்றாம் வாரம் என் மேசைக்கு வந்து, கையெழுத்துப் போடாமல் நின்றார். “உன் கார்ல ஜித்ரா வரைக்கும் போலாமா?” என்றார். வழிநெடுக என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். செடியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். தலையாட்டினார்.

அக்கா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அப்பால் நின்று, “செடி எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டு எல புதுசா விட்டுருக்கு அஞ்சல!”

“சந்தோஷம். அதையே ரசம் வைக்கச் சொல்லுங்க.”

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். அக்கா தொடர்ந்தார்: “அந்த ரூம்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்லாட்டி அது இருக்கணும். சொல்லுங்க.”

அண்ணன் யோசித்தார்.

“யோசிக்கிறாரு பாரு சாந்தி! யோசிக்கிறாரு!”

“உன்னப் பத்தி யோசிக்கல-லா. அத எங்க கொண்டு வைக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்” என்றார். பிறகு நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் சொன்னார். “ஊருல உள்ள எடத்தையெல்லாம் குளுமையாக்கிட்டு, வீட்ட மறந்துட்டேன் அஞ்சல. ஒனக்கு வேக்குறது எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்னுதுதான்.”

அக்கா அவர் சட்டையைப் பார்த்தார். “அந்தப் பொத்தான யாரு தச்சது?” என்று கேட்டபடியே பூட்டைத் திறந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செடி பக்கத்திலிருக்கும் குளிர்ந்த ஜெராய் மலைக்குப் போனது. நம் தொழிற்சாலை வாசலில் முன்பு காவலுக்கு இருந்த பாக் டின், மலையுச்சிக்கு அருகே ஒரு தங்கும் விடுதியில் காவலாளியாக இருந்தார். அவர் அறைக்குப் பின்னால் தொட்டியை வைத்தார்கள். அதன்பின் யார் கேட்டாலும் அண்ணன், “மேல ஹாஸ்டல்ல படிக்குது” என்பார். ஞாயிறுதோறும் உரப் பொட்டலத்தோடு அதைப் பார்க்கப் போவார். திங்கட்கிழமை பாக் டின் சொன்ன குற்றச்சாட்டுகளை நமக்கு ஒப்பிப்பார்: “தண்ணி நெறைய கேக்குதாம். பக்கத்துத் தொட்டி மேல சாயுதாம். வளர்ற வயசு.”

ஏழெட்டு மாதம் கழித்துப் பூத்தது. அக்காவையும் என்னையும் வேனில் மேலே அழைத்துப் போனார். பனி மூட்டம். அக்கா அண்ணனின் தொழிற்சாலை ஜாக்கெட்டுக்குள் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தார். பூ கறுப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் கருநீலம் என்று தெரியும். வெளிர்பச்சைக் குவளைக்குள்ளிருந்து சிறு நாக்கு நீட்டியதுபோல ஐந்தாறு பூ. அதோடு சரி.

“இதுக்கா?” என்றார் அக்கா. “கறுப்பு. சாமிக்கும் வைக்க முடியாது, தலைக்கும் வைக்க முடியாது.”

“சும்மா பாக்கலாம்ல?”

அக்கா சும்மா பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அக்கா குனிந்து, “காத்து நேரா அடிக்குது, இப்படியா வைப்பாங்க” என்று தொட்டியைச் சுவரோரமாக இழுத்து வைத்தார். அண்ணன் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

அண்ணன் இறந்த அன்று, அறிவிப்புக்குப் போட ஒரு நல்ல படம் வேண்டும் என்று கவிதா அவர் கைத்தொலைபேசியைத் துழாவினாள். இலை. தண்டு. மொட்டு. மறுபடி இலை. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். கடைசியில் தொழிற்சாலை அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டார்கள். அதில் யார் மீதோ புகார் கொடுக்கப் போகிறவர்போல் இருக்கிறார். அவர் அப்படி இருந்ததே இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நானும் அக்காவும் ஜெராய்க்குப் போனோம். பாக் டினுக்குச் செய்தி போயிருக்கவில்லை. வேனிலிருந்து அண்ணனும் இறங்குவார் என்று அவர் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். அக்காதான் மலாயில் சொன்னார். பாக் டின் தம் சொங்கோக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பிறகு, அந்த வாரம் ஒரு கிளை ஒடிந்ததையும், அதைத் தாம் குச்சி வைத்துக் கட்டியதையும் அண்ணனிடமே சொல்வதுபோலச் சொன்னார்.

“இங்கயே இருக்கட்டும்” என்றார் அக்கா. “மாசத்துக்கு ஒருவாட்டி நான் வர்றேன்.”

என்னிடம் அண்ணன் முகம் தெரியும் படம் ஒன்றும் இல்லை. பதினாறு ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஜெராயிலிருந்து ஞாயிறுதோறும் அவர் அனுப்பிய செடிப் படங்கள் மட்டும் என் தொலைபேசியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அழிக்காமல் வைத்திருப்பேன். அதில் செடி பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதியைக் கேமராக் கண்ணாடியை மறைத்த அவர் கட்டைவிரல் அடைத்துக்கொண்டிருக்கிறது. நகத்தோரம் கிரீஸ் கறையோடு.