பதினேழாவது கரி

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அடையாள அட்டை வைத்திருக்கிற பாதிப் பேரின் முகத்தை விறைக்க வைத்த புண்ணியம் வெனிங்கையே சேரும். இருபத்திரண்டு வருஷம் ஸ்டுடியோவில் ஒரே அதட்டல்: "அசையாதீங்க! காது தெரியணும்! சிரிச்சா செல்லாது!" இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, மேஜையில் வைத்த தீனியைப் படமெடுக்கிறாள். சோறாவது சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நினைத்தாள், பாவம்.

அன்று சாயங்காலம் ரயிலடியில் சுமியெம்மின் காபிக் கடை. கொதிக்கிற காபியில் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டைப் போட்டுத் தருவதுதான் அங்கே விசேஷம். கடை போர்டுக்கு அந்தப் படம் வேண்டும். நன்றாக வந்தால் பக்கத்து ஏழு கடை போர்டும் வெனிங்குக்கு. சொதப்பினால் பழைய முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

"கரி பளிச்சுனு விழணும் தங்கச்சி," என்றாள் சுமியெம். "பின்னாடி அடுப்புகிட்ட எங்க வீட்டுக்காரரும் தெளிவாத் தெரியணும். ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்காரு."

வீட்டுக்காரர் வாகிமான் பாத்திக் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக மாப்பிள்ளைபோல நின்றார்.

வெனிங் லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து, சட்டென்று சொடுக்கினாள். கரி விழுந்த இடத்தில் குமிழிகளை எண்ணலாம். வாகிமான் வெறும் புகை.

"நான் எங்க?" என்று அலறினார்.

"அதோ, கலங்கலா நிக்கிறீங்களே," என்றாள் மனைவி. "வீட்டுலயும் அப்படித்தான?"

வெனிங் துவாரத்தைச் சுருக்கினாள். வாகிமான் சட்டைப் பொத்தான் வரை தெளிவு. ஆனால் வெளிச்சம் போதாமல் ஷட்டர் ஒரு விநாடி திறந்தே கிடந்ததில், விழுகிற கரி சிவப்புக் கோடாக இழுபட்டது. ஃப்ளாஷ் போட்டால் கனல் செத்துக் கரி கறுத்துப்போனது. இப்படியே பதினாறு கரி, பதினாறு கிளாஸ். கடையிலிருந்தவர்கள் ஓசிக் காபியைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

பதினேழாவதில் வெனிங்குக்குப் பொறுமை போயிற்று. தன்னையறியாமல் கத்தினாள்: "அசையாதீங்க! காது தெரியணும்! சிரிச்சா செல்லாது!"

கடையே விறைத்தது. அத்தனை பேரும் அவளிடம் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர்கள் ஆயிற்றே! கைகள் தொடைக்குப் போயின, முடி காதுக்குப் பின்னால் போயிற்று. கரியைப் போட வந்த சுமியெம்மும் இடுக்கியை விடாமல், பாதிக் கரி காபியில் முங்கியபடி சிலையாக நின்றாள்.

அட, இது போதுமே! வெனிங் ஸ்டாண்டில் இருந்த கேமராவைச் சொடுக்கினாள், முழுசாக ஒரு விநாடி. கரியும் தெளிவு, வாகிமானும் தெளிவு. அசைந்தது ஆவி மட்டும்தான். அது பஞ்சுபோல மேலே சுருண்டது.

"கரி ஜோரா இருக்கு," என்றாள் சுமியெம். "ஆனா எல்லாரையும் போலீஸ் புடிச்சு உக்கார வச்ச மாதிரில்ல இருக்கு!"

"என் காதைப் பாரேன்," என்றார் வாகிமான், கண் கலங்கி.

போர்டு ஏறிய மறுநாள், தங்கள் முகத்தைத் தேடி வந்த கூட்டத்தில் கடையில் உட்கார இடமில்லை. வெனிங் போய் இறங்கியபோது, பக்கத்து ஏழு கடைக்காரர்களும் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர்களில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.