ஒன்பது டப்பா, ஒரு வயிறு

குப்புராஜ் காலை ஐந்து பத்துக்குப் போவார், ஐந்து பன்னிரண்டுக்கு வந்துவிடுவார். கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற சாலையில் இருக்கும் எங்கள் மேட்டுத் தெருவில் இதைப் பார்த்துக் கடிகாரம் திருத்தியவர்கள் உண்டு. கழிப்பறைக் கதவின் தகரம் இரண்டு முறை சத்தம் போடும். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே ஒரு பாட்டின் பல்லவிகூட முடியாது.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கென்று இருந்த பெருமை இரண்டு. ஒன்று, பால் சொசைட்டியில் இருபத்தாறு வருடமாக டெஸ்டர். இன்னொன்று, வயிறு. முதலாவதால் அவரை யாருக்கும் பிடிக்காது. இரண்டாவதால் எல்லாருக்கும் பொறாமை.

பாலில் தண்ணீர் கலந்தால் மெஷினுக்கு முன்பே அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை தர்மபுரியிலிருந்து மாட்டு டாக்டர் வந்து வீட்டுக்கு வீடு பசும்பால் சாம்பிள் கேட்டபோது, நாலு வீட்டார் தீர்த்தம்மாளின் எருமைப்பாலை வாங்கி ஊற்றிக் கொடுத்தார்கள். நல்லதாகக் கொடுப்போமே என்ற எண்ணம்தான். குப்புராஜ் நாலு பாட்டிலையும் வரிசையாக முகர்ந்துவிட்டு, "ஒரே எருமை நாலு வூட்ல கட்டியிருக்குதா?" என்றார். மெஷின் தப்பு என்று யாராவது சண்டைக்கு வந்தால் அவரிடம் ஒரே பதில்தான். "மெஷினக் குத்தம் சொல்லாத. போயி மாட்டப் பாரு."

போன வருடம் ஆனி மாதம் சுகுணா வந்தாள். குடல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ஓர் ஆராய்ச்சி. அதற்காகத் தெருத்தெருவாகப் போய் மலச் சாம்பிள் வாங்குவது அவள் வேலை. நாற்பத்தைந்து வயது தாண்டிய பத்துப் பேருக்குப் பத்து டப்பா கொடுத்தாள். கட்டைவிரல் உயரம், உள்ளே ஒரு குச்சி, மூடியில் பெயர்.

"கொஞ்சூண்டு போதுங்க. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் இதுல தெரிஞ்சிரும். ரிசல்ட் உங்க போனுக்கே வந்துரும்" என்றாள்.

ரிசல்ட் என்ற சொல்லோடு தெரு பரீட்சை மனநிலைக்குப் போய்விட்டது. பரீட்சை என்றால் பாஸாக வேண்டும். சாம்பிள் என்றால் இருப்பதில் நல்லதைக் கொடுக்க வேண்டும்.

முதலில் போனது தீர்த்தம்மாள். டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு போய் நின்றாள்.

"அண்ணா, எழிலரசிக்கு ஆவணியில நிச்சயம். பென்னாகரத்துக்காரங்க நம்ம தெரு நாயக்கூட விசாரிக்கறாங்க. எனக்கு வயிறு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. எம் பேருல ஏதாவது தப்பா வந்துச்சுன்னா? உங்களுதுல ஒரு குச்சி குடுத்தீங்கன்னா போதும்."

இருபத்தாறு வருடத்தில் குப்புராஜின் வாசலுக்குச் சிரித்த முகத்தோடு ஏதாவது கேட்டு வந்த முதல் ஆள் அவள். பால் சாம்பிளில் இதைச் செய்திருந்தால் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார். ஆனால் இது அவருடைய சொந்தச் சரக்கு. கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தார்.

"வெச்சுட்டுப் போ" என்றார்.

சேதி பரவியது. மினி டோர் லோடு ஆட்டோ ஓட்டுகிற மாயவன் வந்தான். எதிர்வீடு, பக்கத்து வீடு, கோழிக்கடை, எல்லாரும் வந்தார்கள். ஒன்பதில் ஒன்று எங்கள் வீட்டு டப்பா. கேட்க அப்பாவுக்குக் கூச்சம் என்று என்னை அனுப்பினார். எனக்கும் கூச்சம் என்று அவர் சன்னலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். சொல்லாமலே புரிந்துகொண்டார்.

முதல் நாள் ஐந்து, மறுநாள் நாலு. அந்த இரண்டு நாளும் தகரக் கதவு இருபது நிமிடம் கழித்துத்தான் இரண்டாவது சத்தம் போட்டது. ஒவ்வொன்றும் கோடு வரைக்கும், கூடாமல் குறையாமல். மூடி இறுக்கம். "மேட்டுத் தெரு மாதிரி சுத்தமா எந்த ஊர்லயும் குடுக்கலிங்க" என்று சுகுணா வியந்தாள். அவருடைய டப்பா மட்டும் காலியாக அலமாரியில் இருந்தது.

"எனக்கெதுக்கும்மா?" என்றார் குப்புராஜ். அதற்குள் அவர் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஒன்பது பேர் பாஸானால் தானும் பாஸ்தானே என்று கணக்குப் போடுகிற முகம். சுகுணா அவர் பெயருக்கு எதிரே 'மறுத்தவர்' என்று எழுதிக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்பது போனும் ஒரே நேரத்தில் சிணுங்கின. ரத்தம் காணப்பட்டது, மேல்பரிசோதனைக்கு வரவும்.

அன்று சாயங்காலம் குப்புராஜ் வாசலில் நடந்ததை நான் எங்கள் சன்னல் வழியாகப் பார்த்தேன். கெட்டுப்போன பாலைத் திருப்பிக் கொண்டுவந்த மாதிரி ஒரு கூட்டம்.

"நல்ல வயிறுன்னு நம்பித்தானண்ணா வாங்கனோம்?" என்றான் மாயவன்.

"வாங்கனியா? நானாடா கூவி வித்தேன்?"

"நான் சொந்தமாவே குடுத்திருப்பேன். மூணு நாள் ஆயிருக்கும், ஆனா குடுத்திருப்பேன்."

"எம் பேரு கம்ப்யூட்டர்ல ஏறிப்போச்சு" என்று தீர்த்தம்மாள் மூக்கைச் சிந்தினாள். "நிச்சயத்துக்கு இருவது நாள்தான் இருக்குது."

உள்ளேயிருந்து முனியம்மாள் கரண்டியோடு வந்தாள். குப்புராஜின் மனைவி. அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. "ஊருக்கே குடுத்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

"இத என்னான்னுடி சொல்லுவாங்க?"

எல்லாரும் தங்கள் பெயரைப் பற்றியே பேசிவிட்டுக் கலைந்தார்கள். தெரு காலியானதும் முனியம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ரத்தம் யாருதுங்க?"

குப்புராஜ் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். "மெஷினு தப்பு" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

மேல்பரிசோதனைக்கு ஒன்பது பேரில் ஒருவரும் போகவில்லை. தங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் தெரியும் என்று சொல்லத்தான் முடியாது. சொன்னால் ஏமாற்றியது வெளியே வரும். எனவே ஆராய்ச்சியே தெருவுக்கு வந்தது. ஒரே தெருவில் பத்து வீட்டில் ஒன்பது என்றால் சும்மாவா? இரண்டு ஜீப். போர்வெல் தண்ணீரைப் பிடித்தார்கள். புளியை எடுத்தார்கள். கோழிக்கடைக்காரரிடம் கோழியின் பூர்வீகம் கேட்டார்கள். ஒரு வரைபடத்தில் ஒன்பது சிவப்புப் புள்ளி குத்தினார்கள். நடுவில் ஒரே ஒரு வீடு வெள்ளையாக இருந்தது. அங்கிருந்து சாம்பிளே வரவில்லை என்பதைப் பதிவேட்டைப் புரட்டி யாரும் பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்கு விசேஷ மரியாதை. கண்ணாடி போட்ட ஒரு தம்பி குப்புராஜ் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சார், உங்க வூட்ட மட்டும் ஏன் இது அண்டலன்னு தெரிஞ்சுக்கணுங்க" என்றான். களி எந்தப் பதத்தில் கிண்டுவது, கேழ்வரகு எந்தக் கொல்லையுடையது, தூக்கம் எத்தனை மணிக்கு. குப்புராஜ் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். முனியம்மாள் களிப்பானையைக் காட்டினாள். அதையும் போட்டோ எடுத்தார்கள்.

அவர்கள் போன பிறகு அவர் முன்னால் தட்டில் ஓர் உருண்டை களி ஆறிக்கொண்டிருந்தது. தொடவில்லை. கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதை யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தம்பியும் அதைக் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் டாக்டர் ஹுமேரா நேரில் வந்தார். தர்மபுரிக்காரர், ஆராய்ச்சியில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். தொடக்கப் பள்ளியில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு என்பதால் எல்லாருடைய முழங்காலும் தாடைக்குப் பக்கத்தில் இருந்தது.

"வயித்துக்குள்ள கோடிக்கணக்கான கிருமி இருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். "பயப்படாதீங்க, இருக்க வேண்டியதுதான். ஆனா ஒருத்தர் வயித்துல இருக்கற மாதிரியே இன்னொருத்தர் வயித்துல இருக்காது. புருஷன் பொண்டாட்டிக்குக்கூட வேற வேற. உங்க ஒன்பது பேருக்கும் அச்சு அசலா ஒண்ணா இருக்குது."

"ஒத்துமையா இருக்கற தெருங்க" என்றான் மாயவன்.

"சரிங்க. சாம்பிள்ல உடம்போட செல்லும் கொஞ்சம் வரும். அதுல ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிரும்." காகிதத்தைப் பார்த்தார். "தீர்த்தம்மாள் யாரும்மா?"

தீர்த்தம்மாள் கையைப் பாதி தூக்கினாள்.

"உங்க டப்பாவுல இருக்கறது ஆம்பள."

பின்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். ஹுமேராவும் லேசாகச் சிரித்தார். பிறகு காகிதத்தை மடித்தார்.

"யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு நான் கேக்கலிங்க. எழுதவும் மாட்டேன். ரத்தம்னா புத்துநோய்னும் அர்த்தமில்ல. மூலமாக்கூட இருக்கலாம். ஆனா ஒம்போது டப்பாவுலயும் இருக்குது. அந்த ஒரு வயிறு யாருதோ, அவர இப்பப் பாத்தா சுலபம். ஒரு வருஷம் விட்டுட்டா என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியாது. யாருது?"

காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். ஆனால் ஒன்பது பேரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஹுமேரா அந்தப் பார்வைகளைப் பின்தொடர்ந்து போய், அ முதல் ஃ வரை எழுதிய சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்த ஆளிடம் நின்றார்.

"என்னாத்துக்கு எல்லாரும் என்னப் பாக்கறீங்க?" என்று குப்புராஜ் எழுந்தார். சின்னப் பெஞ்சு அவரோடு சேர்ந்து எழுந்து, பிறகு விழுந்தது. "ரெண்டு நிமிஷங்க. அம்பத்தெட்டு வருஷமா ரெண்டே நிமிஷம். எனக்கா? உங்க மெஷினு தப்பு. நான் இருவத்தாறு வருஷமா மெஷினு பாக்கறவன்."

வாசலை நோக்கி நடந்தார். முனியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

தீர்த்தம்மாள் எழுந்து நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணா. மெஷினக் குத்தம் சொல்லாதீங்க. மாட்டப் பாருங்க."

குப்புராஜ் நின்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு ஒரு பாத்திரத்தில் பால் அடங்குவது மாதிரி மெல்லக் கீழே இறங்கியது.

"என்னைக்கு வரணுங்க?" என்று கேட்டார்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் குடலைச் சுத்தம் பண்ண ஒரு மருந்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அன்று தகரக் கதவு முப்பத்திரண்டு தடவை சத்தம் போட்டது. "அம்பத்தெட்டு வருஷ ஒழுக்கம், ஒரே நாள்ல போச்சுடா" என்று மாயவனின் மினி டோரில் படுத்தபடி தர்மபுரி போனார். வண்டி கிளம்பும்போதே எட்டுப் பேர் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். அவர்கள் பெயரில்தானே ரிசல்ட் இருக்கிறது. எழிலரசியின் நிச்சயம் முடிந்து இரண்டாம் நாள் என்பதால் தீர்த்தம்மாள் மீந்த லட்டை ஒரு தூக்கில் கொண்டுவந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை, பந்தியில் ரசம் பற்றித்தான் கேட்டார்களாம்.

குடலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. அதன் நுனி மட்டும் கெட்ட பக்கம் திரும்பியிருந்தது. ஒரு சாண் குடலை எடுத்தார்கள். வேறு எங்கும் பரவவில்லை, சரியான நேரம் என்று ஹுமேரா சொன்னபோது முனியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குப்புராஜ் கேட்டது ஒன்றே ஒன்று. "ரெண்டு நிமிஷம் திரும்ப வருங்களா?"

"அஞ்சு ஆவுங்க" என்றார் ஹுமேரா.

இந்த வருடம் சுகுணா மறுபடியும் பத்து டப்பாவோடு வந்தாள். முதல் டப்பாவைக் குப்புராஜ் வாங்கி, தன் பெயரைத் தானே படித்துப் பார்த்துக்கொண்டார். அவருடைய ரிசல்ட் சுத்தமாக வந்தது. அந்தச் செய்தி தெருவில் ஒரு சுற்றுப் போய் முடிவதற்குள், இன்னும் டப்பா கொடுக்காத மாயவன் அவர் வாசலில் நின்றான்.

"அண்ணா, இப்பத்தான் நல்லாயிட்டீங்கல்ல..."

குப்புராஜ் அவன் கையைப் பிடித்து அவன் வீட்டுக்கே கூட்டிப்போனார். டப்பாவைக் கையில் வைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"வந்துச்சா?"

"இல்லீங்கண்ணா."

"உக்காரு."

கொஞ்ச நேரம் கழித்து முனியம்மாள் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளேயிருந்து மாயவன் தனக்கும் ஒரு டீ கேட்டான். குப்புராஜ் வயிற்றுத் தையல் இருந்த இடத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"மொதல்ல வேலைய முடி. நான் எங்கயும் போவல."