ஐம்பது கிராம் சீரகம்

போன வருடம்வரை எங்கள் கடையில் நான் ஒரு பொருள்கூட வாங்கியதில்லை. மும்பை தாராவியில் ஒரு சந்துக்குள் இருக்கும் மளிகைக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பின்சந்து வழியாக வீட்டுக்குள் வந்து, வீட்டுக்குள்ளிருந்து கடைக்குள் வந்தே வளர்ந்துவிட்டேன். சீனி வேண்டுமென்றால் டப்பாவைத் திறப்பேன், அவ்வளவுதான். தெருவில் நின்று பார்த்தால் எங்கள் கடை எப்படியிருக்கும் என்று யோசிக்கவேண்டிய அவசியமே வரவில்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் அப்பா சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்கா, தையல் யூனிட்டில் வேலை பார்ப்பவர், மெயின் ரோட்டுப் புதுக்கடையின் பையோடு எங்கள் கடையைத் தாண்டிப் போயிருக்கிறார். அதுவும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"இத்தன வருசமா நம்மகிட்ட வாங்குனவ. அங்க வெலையும் கூடத்தானல? நான் என்ன கொற வச்சேன்?"

"சாப்பிடுங்க. நாளைக்கே வந்துருவா" என்றாள் அம்மா.

வரவில்லை. இன்னும் இரண்டு மூன்று வீட்டுக்காரர்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அது வியாபாரம் போனதாகத் தோன்றவில்லை. சொந்தக்காரர் யாரோ பேச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி வாடிப்போனார். கல்லாவில் உட்கார்ந்தபடி அந்த அக்கா வீட்டுப் படியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். செம்பூரில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. படித்தவன் ஏதாவது செய்யவேண்டாமா? புது லைட் போட்டேன். போர்டுக்குப் பெயின்ட் அடித்தேன். டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டினேன். லேபிளைப் பார்க்க யாரும் வரவில்லை.

மழை பிடித்ததும் சாக்கடை வேலைக்காகப் பின்சந்தைத் தோண்டிப் போட்டார்கள். அன்றைக்கு வேலை முடிந்து முன்பக்கமாகத்தான் வரவேண்டியிருந்தது. கடைவாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கூட்டம் குறையட்டும் என்று நானும் நின்றேன். ரெயின்கோட் தலையையும் பாதி முகத்தையும் மூடியிருந்ததால் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"போலோ பையா, க்யா சாஹியே?" என்றார், என்ன வேண்டுமென்று என்னிடமே இந்தியில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குரலை மாற்றிக்கொண்டு, "பச்சாஸ் கிராம் ஜீரா" என்றேன்.

"ஜோர் சே போலோ!"

இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்பா உள்ளே தராசருகில் இருந்த அம்மாவைப் பார்த்துத் திரும்பினார். "சீரகம்! அம்பதே அம்பது கிராம்! பாவம், தனியா பொங்கித் தின்னுத பய போல, ஒரு கை கூடப் போடு!"

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். விளையாட்டுக்குக் கேட்டவன்தான் நான். ஆனாலும் காது சுட்டது. தலையிலிருந்ததை விலக்கி "நான்தாம்ப்பா" என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. காசைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் போகவேண்டியவன் மழையில் தெருமுனைவரை நடந்துவிட்டேன்.

அங்கே நின்றபோதுதான் அந்த அக்கா கடைசியாக வந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளே நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான். அவர் சாமான் சீட்டை நீட்டினார். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதைச் சொல்லவும் மாட்டார். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன் தாயி, நீயே சத்தமா வாசி" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

அக்கா வாசித்தார். "துவரம்பருப்பு நூறு கிராம்..."

"என்ன தாயி, கிலோக் கணக்குல வாங்குதவ நூறுக்கு வந்துட்ட? வீட்டுக்காரருக்கு வேல போயிட்டா?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி" என்று அக்கா சிரித்தார்.

"ஏல, ரெண்டு கை கூடப் போடுல!" என்று அப்பா என்னிடம் கத்தினார். போட்டேன். உள்ளே இருந்து பார்த்தவனுக்கு அப்பாவின் நல்ல மனசு மட்டுமே தெரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மதியம் கடையில் ஆள் இல்லாதபோது சீரகப் பொட்டலத்தை அப்பா முன்னால் வைத்தேன்.

"நேத்து ஒருத்தன் ரெயின்கோட்டுல வந்து வாங்குனானே, ஞாபகம் இருக்காப்பா?"

"ஆமா, எவனோ ஒரு வடக்கத்திப் பையா."

"நான்தான்."

"ஏ கிறுக்குப் பயலே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகு பின்னால் ஒருவர் சிரித்ததைச் சொன்னேன். அந்த அக்காவைப் பற்றியும் சொன்னேன். கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

"அக்கறையாத்தானல கேட்டேன்?"

"தெரியும்ப்பா. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா பக்கத்துல நின்ன அத்தன பேருக்கும் கேட்டுதுல்லா."

"மாட்டுங்கா ஸ்டேசன்வரைக்கும் கேட்டிருக்கும்" என்றாள் அம்மா உள்ளே இருந்து.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து, சீரகத்தை விரலால் கிளறிக்கொண்டே இருந்தார். "சீட்டப் பாத்தா எனக்கு என்னல தெரியும்?" என்றார். "அவங்க சொன்னாத்தான உண்டு."

இதை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

அந்த வாரம் மூன்று பேருமாக உட்கார்ந்து பருப்பு, சீரகம், மிளகு எல்லாவற்றையும் ஐம்பது, நூறு, கால் கிலோ என்று பொட்டலம் போட்டோம். வாசலிலேயே கைக்கு எட்டும் உயரத்தில் தட்டுகளில் அடுக்கினோம். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், விரலால் காட்டினாலும் போதும். சீட்டோடு வருகிறவர்கள் கல்லாவுக்குப் பக்கத்து இடைவெளியில் வந்து அம்மாவின் காதில் சொன்னால் போதும். அப்பாவின் வேலைதான் கஷ்டம். யாராவது பொட்டலத்தை எடுத்தால் அவருக்கு வாய் தானாகத் திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். "சின்னதுதான் எடுக்காவ, என்ன ஏதுன்னு கேக்காம எப்படில இருக்கது?" என்று என்னிடம் முணுமுணுப்பார்.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அம்மா அந்த அக்காவைப் பார்த்திருக்கிறாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "முன்னாலயே பொட்டலம் வச்சிருக்கோம், எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்" என்று மட்டும் சொன்னாளாம்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நூறு கிராம் பருப்பை எடுத்தார். அப்பா பேசாமல் பையில் போட்டுக் கொடுத்தார். அக்கா இரண்டடி நடந்து, திரும்பி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மேலுக்கு முடியலையா? சத்தத்தையே காணோம்?"

"தொண்ட கட்டியிருக்கு தாயி" என்றார் அப்பா. அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

அக்கா கொஞ்சம் நின்றார். பிறகு கல்லாமேல் சாய்ந்து, அப்பாவிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நான் தராசை விட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அவர் போனதும், "என்னப்பா சொன்னாங்க?" என்றேன்.

"ஒனக்கு எதுக்குல அது?" என்றார் அப்பா.