செல்லக்கிளி பேசிய வீரம்மாளின் வரிகள்

மாரியப்பன் இறந்த செய்தி எனக்குத் துக்க விசாரிப்பாகத்தான் வந்து சேர்ந்தது. வெள்ளனே போன் அடித்தது. எடுத்தால் ஆயக்குடியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண். "அக்கா, மனசைத் தேத்திக்கிருங்கக்கா. அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாராம்ல, டிவில சொல்றான்" என்று விசும்பினாள். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். எந்த அண்ணன் என்று புரியவே எனக்குச் சற்று நேரம் ஆனது. அடுத்தடுத்து வந்த மூன்று போனும் அதே ஆறுதல்தான். "நான் உசுரோடதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார் இவர். சிரிக்கத் தெம்பில்லை.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் வடிவு. பழனி அடிவாரத்தில் எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. நகைச்சுவைக் கலைஞர் கிளாவரை மாரியப்பனுக்கு மனைவியாக, செல்லக்கிளி என்ற பெயரில், வாராவாரம் வந்த ஒரு சிரிப்புத் தொடரில் பதினோரு வருடம் நடித்தேன். தொடர் முடிந்து எவ்வளவோ காலமாகியும் என்னை யாரும் வடிவு என்று கூப்பிடுவதில்லை. மலையேறப் போகிறவர்கள்கூடக் கடை முன் நின்று "அண்ணன் வரலியாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மாரியப்பனை முதலில் பார்த்தது கொடைக்கானலில், சீசன் சமயம், ஒரு ஓட்டல் புல்வெளியில். கிளாவரை மலைக்கிராமத்தில் பூண்டு விளைவிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர் ஒற்றை மைக்கைப் பிடித்துத் தனியாளாக நின்றார். அடுத்து ஏற வேண்டிய நாடகக் குழுவில் நான் இருந்தேன். பனிமூட்டத்தில் முதல் வரிசைக்குப் பின்னால் யாருமே தெரியவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. முக்கால் மணி நேரம் அசராமல் பேசிவிட்டு இறங்கி வந்தார். பாவமாக இருக்கிறது என்றேன். "சிரிக்காத ஆளு மேல கோவப்படக் கூடாது தாயி. அவுகளுக்கு வீட்டுல என்ன சோலி கெடக்கோ" என்றார். இன்றைக்கும் நல்ல சொல் என்றுதான் நினைக்கிறேன்.

தொடரில் சேர்ந்த பிறகு அவர் வேலை செய்யும் விதம் தெரிந்தது. முந்தின நாளின் காலண்டர் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பார். பின்பக்கம் பென்சிலில் மூன்று நான்கு வரி இருக்கும். "எழுதிக் குடுத்த வசனம் கெடக்கட்டும், இதைச் சொல்லுங்க" என்பார். "கோவிச்சுக்கிட்டுப் போறதா இருந்தா சாப்பிட்டுப் போங்க. திரும்பி வந்தா மறுபடி சுட வைக்க என்னால ஆகாது." "உங்ககூடப் பேசுற நேரத்துக்குப் பூண்டு உரிச்சா, கையில வாசமாச்சும் மிஞ்சும்." இந்த இரண்டாவது வரி ஊரெல்லாம் பரவியது. கல்யாண வீட்டில் பெண்கள் என்னைச் சுற்றி நின்று சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். எனக்கு என்ன வாய், என்ன சாமர்த்தியம் என்று பாராட்டுவார்கள். கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஏழாவது வருடம் ஒருநாள் அட்டுவம்பட்டியில் அவர் வீட்டிலேயே படப்பிடிப்பு நடந்தது. அடுக்களை வாசலில் நின்று பூண்டு வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த அவர் மனைவி வீரம்மாள் டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார்.

"அது நான் சொன்னதுங்க" என்றார்.

எப்போது என்று கேட்டேன்.

"எங்க ஆத்தா செத்து பதினாறாம் நாளு. மேடை இருக்குன்னு எழவுக்குக்கூட இவுக வரல. பதினாறுக்கு வந்து உக்காந்துக்கிட்டு, ஏன் பேச மாட்டேங்கிறன்னு கேட்டாக. அப்பச் சொன்னேன். காபி ஆறுது, குடிங்க."

அன்று சாயங்காலமே மாரியப்பனிடம் கேட்டேன். மற்ற வரிகளும் அப்படித்தானாம். அவர் மழுப்பவில்லை. "அவ சொன்னா எனக்கு மட்டுந்தான் கேக்கும். நீங்க சொன்னா ஊருக்கே கேக்கும்ல தாயி" என்றார். இனிமேல் சொல்ல மாட்டேன் என்று நான் மறுத்திருக்க வேண்டும். அடுத்த வாரமும் சொன்னேன், அதே சிரிப்பும் கிடைத்தது. நல்ல வசனத்தை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்கடுத்த நாலு வருடமும் சொன்னேன். வீரம்மாளிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே காலத்தைக் கடத்திவிட்டேன்.

வீரம்மாள் சண்டை போடவில்லை. பதினோராவது வருடம் வாயை மூடிக்கொண்டார். "ம்", "சரி", "சோறு வச்சிருக்கு", அதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை. காலண்டர் தாள் வெறுமையாக வர ஆரம்பித்தது. ஒருநாள் மாரியப்பனே சொன்னார்: "உப்பு டப்பாவ ஒளிச்சு வச்சேன் தாயி, வைவாள்ல, அப்ப நாலு வரி தேறும்னு. உப்பில்லாமலே கொழம்பு வச்சுட்டா. நானும் மூச்சுக் காட்டாமச் சாப்பிட்டேன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாரியப்பனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். தொடர் நின்றது.

பிறகு பழையபடி ஒற்றை மைக்கோடு மேடைக்குத் திரும்பினார். மழையை, குரங்கை, சுற்றுலா வருகிறவர்களைப் பற்றியெல்லாம் பேசுவார். மனைவியைப் பற்றி ஒரு துணுக்குக்கூடச் சொல்லமாட்டார். கொடைக்கானலில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில், கூட்டத்திலிருந்து ஒருவர் "செல்லக்கிளி எங்க?" என்று கத்தினார். "அவுக பழனில அவுக வீட்டுக்காரரோட நல்லா இருக்காக. என் வீட்டுல இருக்கவுக வேற" என்றார். அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். வீரம்மாள் பெயரை அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனவரைக் குறை சொல்லக் கூடாதென்பார்கள், ஆனாலும் எனக்கு அந்த மனத்தாங்கல் உண்டு.

இறந்த செய்தி வந்த அன்றே பஸ் பிடித்து மலை ஏறி அட்டுவம்பட்டி போய்ச் சேர்ந்தேன். வீரம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுக்கும் முன் ஆயக்குடியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஏழெட்டுப் பெண்கள் உள்ளே வந்தார்கள். நேராக வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி காலையில் போனில் விசும்பியவள், குரலில் தெரிந்தது.

"செல்லக்கிளியக்கா, ஒங்கள இப்பிடி விட்டுட்டுப் போயிட்டாரே! பூண்டு உரிச்சாலும் வாசம் மிஞ்சும்னீகளே, இப்ப என்னக்கா மிஞ்சுச்சு?"

வாசலில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அவள் கையை விலக்கினேன்.

"விடும்மா" என்றேன். "நான் டிவில நடிச்சவ. இவுகதான் அவரு வீட்டுக்காரம்மா, வீரம்மா. நீங்க சிரிச்ச வரி அம்புட்டும் இவுக வாயில வந்தது. தெரிஞ்ச பிறகும் நான் சொன்னேன். சிரிக்க வைக்கன்னு சொன்னது இல்ல, இவுக மனசு வெந்து சொன்னது." பிறகு வீரம்மாளைப் பார்த்தேன். "மன்னிச்சிருங்க" என்றேன்.

வீரம்மாள் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "இப்பச் சொல்றீக" என்றார். "இந்த மனுசன் காதுல விழுகையில சொல்லலையே."

ஆயக்குடிப் பெண் மெல்ல நகர்ந்துபோய் வீரம்மாளின் முழங்கால் அருகே உட்கார்ந்தாள். வீரம்மாள் கணவர் முகத்தைப் பார்த்துத் திரும்பினார். பேச ஆரம்பித்தார். இத்தனை வருடம் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசினார், நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும். பெண்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார்கள். வீரம்மாளும் கடைசியில் அழுதார். அப்படியொரு பேச்சை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. பாதியில் பார்த்தால் என் கை பைக்குள் பேனாவைத் துழாவிக்கொண்டிருந்தது. சீ என்று ஆகிவிட்டது.

மாரியப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கைதான். நல்ல வரி எங்கே கிடந்தாலும் கண்டுபிடித்துவிடும், யாருடையது என்று கேட்காது. அதற்காக அவரை நான் வெறுக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. வீரம்மாள் அன்றைக்குச் சொன்னது அத்தனையும் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. அதில் ஒரு வரியைக்கூட இங்கே எழுத மாட்டேன். கேட்க வேண்டும் என்கிறவர்கள் அட்டுவம்பட்டிக்குப் போய் அவரையே கேளுங்கள். மனமிருந்தால் சொல்வார்.